தைலம் மருந்தில் சேர்த்தி இல்லையா?

கோவையில் ஒரு வளைகாப்பு. பெண்ணுக்கு ஏழாம் மாதம். கை நிறைய கண்ணாடி வளையல், கலவைச் சோறு, தோழிகள் கொடுத்த ஒரு பரிசுப் பெட்டி. பெட்டிக்குள் ஆறு குட்டிப் புட்டிகள்: லாவெண்டர், எலுமிச்சை, ஆரஞ்சு, இன்னும் மூன்று. கூடவே ஒரு டிஃப்யூசர். இந்த வாரம் என்னை எழுதச் சொன்னது அந்தப் பெட்டியைப் பற்றித்தான். ஆனால் அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டிலேயே தங்கியதால் என் கவனம் வேறொரு புட்டிக்குப் போய்விட்டது.

நாளெல்லாம் மணையில் உட்கார்ந்ததில் பெண்ணுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. மாத்திரை கேட்டாள். "மாத்திரையெல்லாம் வேண்டாங் கண்ணு, வயித்துல புள்ள இருக்குது. தைலம் போட்டு உடறேன் வா" என்றார் மாமியார். ஊட்டிக்குப் போனபோது வாங்கிய புட்டி. லேபிள் பாதி கிழிந்திருந்தது. முதுகு முழுக்கத் தேய்த்து, மேலே வெந்நீர்ப் பையையும் வைத்துவிட்டார். அறை முழுக்க வின்டர்கிரீன் நெடி.

அந்த நெடிக்குப் பெயர் மீதைல் சாலிசிலேட். ஆஸ்பிரினுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரி மலைச் சரிவுகளில் தானாக வளரும் ஒரு புதரின் இலையை வடித்தால் வருகிற எண்ணெயில் ஏறக்குறைய முழுவதும் இதுதான். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, வின்டர்கிரீன் எண்ணெயில் 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கும் மேல் அடக்கம். குடித்தால்தான் அத்தனையும் உள்ளே போகும். தோலில் தேய்த்தால் ஒரு பங்குதான் இறங்கும். ஆனால் சூடு வைத்தால் அந்தப் பங்கு கூடும். மாமியார் பாசத்தோடு வைத்த வெந்நீர்ப் பை செய்த வேலை அது.

கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த வலி மருந்துகளைத் தவிர்க்கச் சொல்லி 2020 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. சிசுவின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பனிக்குட நீர் வற்றிப்போகலாம் என்பது காரணம். (ரத்த அழுத்தத்துக்காக டாக்டரே எழுதித் தரும் சின்ன அளவு ஆஸ்பிரின் கதை வேறு, அதை யாரும் பயந்து நிறுத்திவிட வேண்டாம்.) மாத்திரைக்கு இத்தனை கட்டுப்பாடு. மாத்திரைக்குப் பதிலாகத் தேய்க்கிற தைலத்தைப் பற்றி நம் வீடுகளில் ஒரு கேள்வியும் கிடையாது. தலைவலித் தைல டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'கந்தபூர தைலம்' என்று பொடி எழுத்தில் இருக்கும். அதுவும் இதே வின்டர்கிரீன்தான்.

குழப்பத்தில் பாதிக்கு 'எண்ணெய்' என்ற சொல்லே காரணம் என்று எனக்கொரு எண்ணம். எள்ளின் நெய் எண்ணெய். தலைக்கு ஊற்றலாம், தாளிக்கலாம், குழந்தையின் உச்சியில் வைக்கலாம். நீலகிரித் தைலமோ லாவெண்டரோ அந்தச் சாதியே இல்லை. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நல்லெண்ணெய் கறையாக நிற்கும், இது பறந்துவிடும். கூடை கூடையாக இலையைப் போட்டு ஆவியில் வடித்த சத்து அது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பதும், புட்டியிலிருந்து பத்துச் சொட்டு விட்டு ஆவி பிடிப்பதும் ஒன்றாகாது. இரண்டையும் 'எண்ணெய்' என்றே அழைப்பதால் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம்.

அப்படி வைத்ததால் வந்த வினை அமெரிக்க மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. பிரசவத்துக்கு முன் விளக்கெண்ணெய் குடிக்கும் வழக்கம் அங்கேயும் இருந்தது. சில கர்ப்பிணிகள் விளக்கெண்ணெய் என்று நினைத்துக் கற்பூர எண்ணெயைக் குடித்துவிட்டார்கள். தாய்க்கு வலிப்பு. கற்பூரம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போனது தெரியவந்தது. ஒரு குழந்தை பிழைக்கவில்லை. பருத்திக்கொட்டை எண்ணெயில் 20 சதவீதம் கற்பூரம் கரைத்த சரக்கு அது. 1982இல் அதை அங்கே கடைகளிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நாம் சளிக்குத் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சிக் கற்பூரவில்லையைப் போட்டு நெஞ்சில் தேய்க்கிறோமே, சேர்மானம் ஏறக்குறைய அதுவேதான். அளவு மட்டும் அவரவர் கைக்கு வந்தபடி.

தேய்த்தால், முகர்ந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். வலிப்போடு வந்த 350 பெரியவர்களைத் தென்னிந்திய மருத்துவமனைகளில் நான்கு ஆண்டு கவனித்து 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 55 பேருக்குக் கற்பூரம், யூகலிப்டஸ் சேர்ந்த தைலங்களோடு தொடர்பு இருந்தது. கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வல்ல அது. வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடும் ஒரு கர்ப்பிணி தைலத்தைத் தொடுமுன் இதை அறிந்திருப்பது நல்லது.

பரிசுப் பெட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் பிரசவ அறையில் நறுமண எண்ணெய் பயன்படுத்திய 8,058 பெண்களை எட்டு ஆண்டு கவனித்ததில் ஒரு சதவீதம் பேருக்குத்தான், அதுவும் லேசான தொந்தரவு. ஈரானில் 100 கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனையில் எலுமிச்சை வாசம் குமட்டலைக் கொஞ்சம் தணித்தது. ஆக, அறையில் கொஞ்ச நேரம் லாவெண்டர் வாசம் வந்தால் நான் அலற மாட்டேன். முதல் மூன்று மாதம் வேண்டாம், பிறகும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய்க்கு ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், வாய்க்குள் கூடவே கூடாது என்று நறுமண எண்ணெய்ச் சிகிச்சைத் தொழிலில் இருப்பவர்களே சொல்கிறார்கள். அவர்கள் கையிலாவது அளவு இருக்கிறது. நம் வீட்டுத் தைலத்துக்கு அளவு உள்ளங்கைதான்.

மறுநாள் காலையில் இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பரிசோதனைக்குப் போகும்போது புட்டியையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டு என்றேன். சரி என்றாள். இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தாள்.

"நர்ஸக்கா மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறயான்னு கேட்டாங்க. இல்லைன்னுட்டு வந்துட்டேன்."

"தைலம்?"

"ஐயோ, அது பைக்குள்ளயே இருந்துதுங்க."