பட்டி கிடந்த மண்

மாசாய் மக்கள் சிங்கத்தோடும் யானையோடும் எப்படி ஒத்து வாழ்கிறார்கள், இயற்கையோடு அவர்களுக்கு ஏதாவது உடன்பாடு உண்டா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. மாட்டை அடித்த சிங்கத்தைத் தேடிப்போய் ஈட்டியால் குத்தியவர்கள்தாம் அவர்கள். ஆவணப்படங்களின் சிவப்புப் போர்வையையும் அந்தி வெயிலையும் ஒதுக்கிவிட்டுச் சாணத்தைக் கவனித்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

தெற்குக் கென்யாவில் மாசாய் குடும்பங்கள் இரவில் ஆடுமாடுகளை முள்வேலிப் பட்டிக்குள் அடைக்கின்றன. 'போமா' என்பார்கள். பகலெல்லாம் மந்தை வெகுதூரம் மேயும். மாடு இங்கே ஒரு தண்டல்காரர். காலையில் கிளம்பி, புதர் புதராக நின்று, இங்கே ஒரு வாய் நைட்ரஜன், அங்கே ஒரு வாய் பாஸ்பரஸ் என்று வசூலித்து, இரவில் மொத்தத்தையும் ஒரே பெட்டியில் கொட்டிவிடும். ரசீது கிடையாது. பாவம், கடனே வாங்காத புல்லும் தவணை கட்டுகிறது!

சில ஆண்டுகளில் பட்டி வேறிடம் போகும். விட்டுப்போன இடத்தில் முதலில் சரியாக எதுவும் முளைக்காது. எருவின் காரம் அப்படி. பிறகு நம் அறுகம்புல்லின் பேரினத்தைச் சேர்ந்த புல் ஒன்று படரும். சுற்றுப்புறப் புல்லைவிட அதில் பாஸ்பரஸ் அதிகம். குட்டிக்குப் பால் கொடுக்கும் இம்பாலா மானுக்கு வேண்டியது அதுதான். மரங்களும் குறைவு என்பதால் பதுங்கி வரும் விலங்கு தூரத்திலேயே தெரிந்துவிடும். மேய வரும் மானும் வரிக்குதிரையும் அங்கேயே சாணமும் மூத்திரமும் விடும். மாடு போன பிறகும் வசூல் நிற்பதில்லை.

எத்தனை காலம்? தொல்லியலாளர் ஃபியோனா மார்ஷல் குழுவினர் 2018-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, தெற்குக் கென்யாவின் நாரோக் பகுதியிலுள்ள 5 பழைய பட்டிகளுக்கு வயது 1,550 முதல் 3,700 ஆண்டுகள். மண் இன்னமும் வளமாகவே இருக்கிறது. அது பட்டிதான் என்பதற்கு அழகான சாட்சி உண்டு. சாணமும் மூத்திரமும் அம்மோனியாவாக ஆவியாகும்போது இலேசான நைட்ரஜன் முந்திக்கொண்டு பறந்துவிடும். கனமானது மண்ணில் தங்கிவிடும். இந்த மண்ணில் அதன் பங்குதான் கூடுதல்.

உடனே 'மாசாய்களின் மூவாயிரம் ஆண்டு ஞானம்' என்று தலைப்புப் போடக் கிளம்ப வேண்டாம். மாசாய்கள் இங்கே வந்து சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன. அந்தப் பட்டிகள் அவர்களுக்கு முந்திய மேய்ப்பர்களுடையவை. தவிர, மானுக்கு விருந்து வைக்க யாரும் பட்டி போடவில்லை. கழுதைப்புலிக்குப் பயந்து போட்டார்கள்.

வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக: 1904, 1911 ஒப்பந்தங்களால் பிரிட்டிஷார் மாசாய்களின் வடக்கு மேய்ச்சல் நிலத்தைப் பறித்தார்கள், 1959-ல் செரங்கெட்டியிலிருந்தும் வெளியேற்றினார்கள்.

உள்ளூர் மக்களின் நிலத்தில் நடக்கும் இன்றைய வனவிலங்குக் காப்பு முயற்சிகளில் உருப்படியானவை உண்டு. அம்போசெலி பக்கம் 2007 முதல், சிங்கத்தைக் கொல்லப் போயிருக்கக்கூடிய இளைஞர்களே அதன் தடம் பார்த்து மேய்ப்பர்களை எச்சரிக்கும் வேலையைச் செய்கிறார்கள். மாரா பக்கம் நில உரிமையாளர்கள் நிலத்தைக் காப்பகமாக்கிச் சுற்றுலா நிறுவனங்களுக்குக் குத்தகை விட்டு மாத வருமானம் பெறுகிறார்கள். ஆனால் அதற்காகக் குடியிருப்பைக் காப்பகத்துக்கு வெளியே மாற்ற வேண்டியிருந்தது. ஆகவே உள்ளே பெரும்பாலும் புதுப் பட்டி கிடையாது. வெளியே நிலம் துண்டு துண்டாகி வேலி எழுகிறது. நகர வழியில்லாத பட்டியில் சாணம் மலையாகக் குவிந்து ஈ மொய்க்கும், அவ்வளவுதான்.

வடக்கே லைகிபியாவில் சில பெரும்பண்ணைகள், கழற்றி மாட்டக்கூடிய இரும்புப் பட்டிகளை வேண்டுமென்றே பொட்டல் தரையில் நிறுத்தி, நகர்த்தி, புல் வளர்க்கின்றன. நவீன உத்தி என்று அதற்குப் பெயர். 1911-ல் மாசாய்களை மந்தையோடு கிளப்பிவிட்டது அந்த லைகிபியாவிலிருந்துதான்.