ஓடுவதற்கெனப் புதுப்பிக்கப்படும் பழைய கார்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெருக்களிலே செல்வோர் இன்றும் இடையிடையே ஓர் இனிய காட்சியைக் காண்பதுண்டு. விரைந்து செல்லும் புதிய வாகனங்களின் நடுவே, உருண்ட முகப்பும் திரண்ட மட்காட்டுகளும் கொண்ட பழைய கார் ஒன்று தன் நிதானந் தவறாது வந்துகொண்டிருக்கும். அது மொறிஸ் மைனராக இருக்கலாம். ஒஸ்ரின் ஏ-40 ஆகவும் இருக்கலாம். பின்னதனை ஊரவர் ‘ஏ போட்டி’ என்றே வழங்குவர். மணமக்களை ஏற்றிச் செல்வதற்கும், கோயிலுக்கும் சந்தைக்கும் போய் வருவதற்கும் அது இன்னும் உதவுகின்றது. நூதனசாலையில் நிற்க வேண்டிய வயதில் அது தெருவிலே ஓடுகின்றது. அஃது எவ்வாறு இத்தனை காலம் பிழைத்தது? அத்தகைய காரொன்றைப் புதுப்பிக்க விரும்புவோர் அதில் எதனை மாற்றலாம்? எதனை மாற்றலாகாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பது, பழைய கார் உடையவர்களுக்கு மட்டுமன்றி, ஒரு பொருளைப் பேணிப் பயன்படுத்த எண்ணும் எவருக்கும் பயன் தருவதாகும்.

மேற்கூறிய இரு கார்களும் இங்கிலாந்திற் பிறந்தவை. மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். பின்னர் 1959இல் வெளிவந்த மினி காரை ஆக்கியவரும் அவரே. மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே அறிமுகமாயிற்று. 1970களின் தொடக்கம் வரை, அதன் பல்வேறு வடிவங்களும் சேர்ந்து ஏறக்குறைய 16 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. ஏ-40 வரிசையில் ‘டெவன்’ 1947இலும், ‘சோமசெற்’ 1952இலும் வெளிவந்தன. இவ்விரு வகைக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சோமசெற் காரிலே, செசி எனப்படும் வலிய இரும்புச் சட்டத்தின் மீது உடல் தனியாக வைத்துப் பூட்டப்பட்டிருக்கும். மைனரில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. அதன் உடற்றகடுகளே பாரத்தைத் தாங்குகின்றன. துருப்பிடித்தலைப் பற்றிப் பேசும்போது இவ்வேறுபாட்டின் பயன் விளங்கும்.

இக்கார்கள் நிலைத்தமைக்கு முதற் காரணம் தட்டுப்பாடே. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக மோட்டார் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே இருந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டும் வழக்கம் நாடெங்கும் வேரூன்றியது. 1977இன் பின்னர் யப்பானிய வாகனங்கள் பெருகி வந்தன. தென்னிலங்கையிற் பழையவற்றின் மதிப்புக் குறைந்தது. குடாநாட்டிலோ, போர் வேறொரு சோதனையைக் கொண்டுவந்தது.

1990ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால், பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டிற்கு வருதல் நின்றது. அக்காலத்திலேதான் மண்ணெண்ணெயிற் கார் ஓடிய வரலாறு நிகழ்ந்தது. சிறு போத்தலில் அடைத்து வைத்த சில துளி பெற்றோலைக் காபுறேற்றரினுள் விட்டு எஞ்சினை இயக்குவர். எஞ்சின் சூடேறியதும் அது மண்ணெண்ணெயை ஏற்றுக்கொண்டு ஓடத் தொடங்கும். புகை வரும், நாற்றமும் வரும். ஆயினும் நோயாளி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வார்.

இது மாயமன்று, இதற்குத் தெளிவான விளக்கம் உண்டு. பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய் வெப்பமின்றி ஆவியாகாது. அன்றியும், மிகுதியாக அமுக்கப்பட்டால் அது உரிய வேளைக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டச் செய்யும். இக்காலத்து எஞ்சின்கள் பெற்றோற் கலவையை ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காக அமுக்குகின்றன. சோமசெற் காரின் எஞ்சினோ ஏழில் ஒரு பங்கு அளவிற்கே அமுக்குகின்றது. ஆதலால் தாழ்ந்த எரிபொருளையும் அது ஒருவாறு பொறுத்துக்கொண்டது. இங்கிலாந்தின் வயல்களில் ஒருகாலத்தில் உழவு இயந்திரங்கள் இதே முறையில், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகையில் ஓடின என்பதையும் நேயர்கள் நினைவு கொள்ளலாம்.

ஆனால் அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய், பிஸ்ரன் வளையங்களைக் கடந்து இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் உராய்வைத் தடுக்க மாட்டாது. உருளைகளின் தலையிலே கரி படியும். எனவே எஞ்சினை அடிக்கடி அவிழ்த்து, கரி சுரண்டி, வளையம் மாற்றிப் பூட்ட வேண்டியதாயிற்று. அக்காலத்துக் கராஜ் தொழிலாளர் நூலிற் கற்றதைவிட, இவ்வாறு அவிழ்த்துப் பூட்டிக் கற்றது மிகுதி. அவர்களுடைய கைத்திறனும், இயந்திரத்தின் எளிமையும் சேர்ந்தே இக்கார்களைக் காத்தன.

உலகின் மறுபுறத்திலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. கியூபா நாட்டின் மீது அமெரிக்கா 1962இல் முழுமையான வணிகத் தடை விதித்தது. அதனால் 1950களில் வந்த செவர்லே முதலிய பெரிய அமெரிக்கக் கார்களையே அந்நாட்டவர் தொடர்ந்து ஓட்ட நேர்ந்தது. சோவியத் வாகனங்களின் எஞ்சின்களைக்கூட அவற்றிற் பொருத்தினர். ஹவானா நகரிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய கார் பிழைத்தது ஒரே காரணத்தினாலாகும்: அது தேவைப்பட்டது, ஆகவே ஓடியது, ஓடியதனாற் கவனிக்கப்பட்டது.

இவ்வுண்மையிலிருந்தே புதுப்பித்தலின் நெறி பிறக்கின்றது. புதுப்பித்தல் இருவகைப்படும். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தவாறே ஒவ்வோர் ஆணியையும் அமைத்துக் காட்சிக்கு வைப்பது ஒருவகை. நாள்தோறும் ஓட்டத்தக்கதாகத் திருத்தி, இன்றியமையாத சில மாற்றங்களை மட்டும் செய்வது மற்றொருவகை. இரண்டாவது வகையை வற்புறுத்தியவர்களுள் ஒருவர், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனருக்கென நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவர். புதிய காரை வாங்கிச் சில ஆண்டுகளிற் கழிப்பதிலும், உறுதியான பழைய காரை மெல்ல மெல்ல மேம்படுத்தி நெடுங்காலம் வைத்திருப்பதே சிக்கனம் என்பது அவரது கொள்கை. மைனருக்குரிய உடற்றகடுகள் இலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்டதும் இம்முயற்சியின் ஒரு கிளையேயாம்.

காரைத் திருத்தப் புகுவோர் முதலிற் பார்க்க வேண்டியது வண்ணப்பூச்சை அன்று, அடித்தளத்தை. குடாநாட்டின் எப்பகுதியும் கடலுக்குத் தொலைவிலில்லை. உப்புக் காற்று தகட்டைத் தின்னும். செசி உள்ள ஏ-40இல் உடல் துருப்பிடித்தாலும் சட்டம் தாங்கும். மைனரிலோ, கதவின் கீழ்ப்பகுதியும், ஜக் வைக்கும் இடங்களும், பின் வில்தகடு பூட்டும் இடங்களும் அரிக்கப்பட்டால் காரின் எலும்பே முறிந்ததற்கு ஒப்பாகும். துருவின் மேற் பசை பூசி வண்ணம் அடிப்பது ஏமாற்று வேலை. கெட்ட தகட்டை வெட்டி நீக்கி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே முறை.

இரண்டாவது பிரேக். எல்லாவற்றினும் முதன்மையானது இதுவெனினும் இழையாது. அக்கால அமைப்பிலே நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று உண்டு. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் ஒருங்கே போய்விடும். எஞ்சுவது கைப் பிரேக் ஒன்றே. மாட்டு வண்டியும் சைக்கிளும் நிறைந்த தெருவில் இது பொறுக்கத்தக்கதாய் இருந்தது. 2009இல் போர் முடிந்த பின்னர் கண்டி வீதியும் பிற வீதிகளும் செப்பனிடப்பட்டன, வேகம் மிகுந்தது. வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகும் என்பது இயற்கை விதி. எனவே, இரு தனிச் சுற்றுகள் கொண்ட எண்ணெய் உருளையைப் பொருத்துதலும், முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் அமைத்தலும் தக்க மாற்றங்களாம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனை மாற்றுதல் வேண்டும். அவசரத்திற்கென எஞ்சின் எண்ணெயை அதில் ஊற்றினால் றப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

மூன்றாவது மின்சாரம். பழைய டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது போதிய மின்சாரம் தராது. அதனால் இரவிலே தெருவிளக்கின் முன் நின்றால் காரின் விளக்கு மங்கும். ஒல்ரனேற்றர் அக்குறையை நீக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. அக்கால ஆங்கிலேயக் கார்களிற் பற்றறியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. ஒல்ரனேற்றருக்குப் பெரும்பாலும் எதிர்முனை இணைப்பே உரியது. இதனை மாற்றாது பூட்டினால் அதன் டயோட்டுகள் கணத்தில் எரிந்துபோம். பக்கத்தூணிலிருந்து கைபோல் எழுந்து திரும்புதிசை காட்டும் பழைய கருவியை எடுத்தெறிய வேண்டியதில்லை. அது இருக்க, மினுங்கும் விளக்குகளையும் சேர்த்துவிட்டாற் போதும். பின்னால் வருபவருக்கு இன்று புரியும் மொழி அதுவே.

நான்காவது எஞ்சின். முன்னாளிற் பெற்றோலிற் கலந்திருந்த ஈயம், வால்வு அமரும் இடங்களுக்கு ஒரு காப்பாக இருந்தது. 2002இல் இலங்கையில் ஈயங் கலந்த பெற்றோல் ஒழிக்கப்பட்டது. மக்களின் உடல்நலத்திற்கு அது நன்று. பழைய எஞ்சினுக்கோ, தலைப்பகுதியிற் கடினமான வால்வு வளையங்களைப் பதிப்பித்தல் நலம். ஆற்றல் மிகுதியாக வேண்டுவோர், 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்குப் பதிலாக, 1962 முதல் மைனருக்கு வந்த 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினைப் பூட்டலாம். இரண்டும் ஒரே குடும்பம். பெரும் வெட்டு வேலை வேண்டியதில்லை. வேற்று இனத்துக் கனத்த எஞ்சினைத் திணிப்பதாயின், முன்பாரமும் வேகமும் கூடும்; பிரேக்கை முதலில் மாற்றாது அதனைச் செய்தல் உயிருக்கு உலை வைப்பதாகும். எஞ்சின் இலக்கம் மாறினால், மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலும் அது மாற வேண்டும்.

குடாநாட்டவர் மறக்கலாகாத ஒன்று தண்ணீர். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் கேத்தலில் வெண்படிவு விடுவதை வீட்டுப் பெண்கள் அறிவர். றேடியேற்றரினுள்ளும் அதுவே நடக்கின்றது. குழாய்கள் அடைபட்டு எஞ்சின் கொதிக்கும். வடிகட்டிய மழைநீரோ, காய்ச்சி வடித்த நீரோ, உரிய குளிர்ப்பியுடன் சேர்த்து ஊற்றுவது சிறு செலவிற் செய்யத்தக்க சிறந்த மேம்பாடாகும்.

இம்மாற்றங்களுக்கெல்லாம் ஒரு பொதுவிதி உண்டு. மீட்க முடியாதவாறு எதனையும் வெட்டலாகாது, கழற்றியதை எறியலாகாது. மின்னணுத் தீமூட்டியைப் பொருத்துவோர், பழைய பொயின்ற்றைப் பெட்டியில் வைத்திருப்பது அறிவுடைமை. புதியது நடுவழியிற் கெட்டால் திருத்த வழியில்லை. பழையதை அரத்தாள் கொண்டு தேய்த்தேனும் வீடு வந்து சேரலாம்.

2020 முதல் 2025 தொடக்கம் வரை நாட்டில் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது, இருப்பதைத் திருத்துதலின் அருமையை அனைவரும் மீண்டும் உணர்ந்தனர். ஆனால் ஓசையைக் கேட்டே எந்த உருளை பிழைக்கின்றது என்று சொல்லும் மூத்த மெக்கானிக்குகள் குறைந்து வருகின்றனர். உதிரிப்பாகத்தைக் கடல் கடந்தும் வரவழைக்கலாம். அந்தச் செவியை வரவழைக்க இயலாது. பழைய கார் உடையவர் தம் கார் கராஜில் நிற்கும் நாளில், திருத்துபவரின் அருகே ஓர் இளைஞனையும் நிற்கச் செய்வாராயின், கார் ஒன்று மட்டுமன்று, ஒரு கல்வியும் பிழைக்கும்.