அடியும் சிரிப்பும் ஒரே உடம்பில்

கால்களை மேலே கட்டி ஒருவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தரையில் ஒரு வாளித் தண்ணீர். அவன் கைகளில் தேநீர் குடிக்கிற சின்னஞ்சிறு கிண்ணங்கள். தொங்கியபடியே தண்ணீரை மொண்டு, வயிற்றை இறுக்கி மேலே எழும்பி, கால்பக்கம் இருக்கிற வாளியில் ஊற்ற வேண்டும். கிண்ணத்தில் பிடிப்பதோ இரண்டு மடக்கு. 1978-இல் ஹாங்காங்கில் வெளியான ‘ட்ரங்கன் மாஸ்டர்’ படத்தில் வரும் காட்சி இது. அவன் படுகிற பாட்டைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பயிற்சியை ஜாக்கி சான் மெய்யாகவே செய்துகொண்டிருக்கிறார். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் வயிற்றுத் தசை வரிவரியாகத் தெரிகிறது.

குங்ஃபூ நகைச்சுவைப் படங்களை இத்தனை ஆண்டுகள் கழித்தும் சலிக்காமல் பார்க்க முடிவதற்குக் காரணம் இதுதான் என்பேன். சண்டை ஒரு பக்கம், காமெடி டிராக் இன்னொரு பக்கம் என்று அங்கே பிரிவினை கிடையாது. எந்த உடம்பு அடிக்கிறதோ அதே உடம்புதான் சிரிக்கவும் வைக்கிறது.

1973 ஜூலையில் ப்ரூஸ் லீ இறந்தபோது ஹாங்காங் தயாரிப்பாளர்கள் அடுத்த ப்ரூஸ் லீயைத் தேடி அலைந்தார்கள். 1976-இல் ‘நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’ படத்தில் ஜாக்கி சானுக்கும் அந்த வேடத்தைப் போட்டுப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. ப்ரூஸ் லீ முறைத்தாலே எதிராளி பாதி தோற்றுவிடுவான். அவர் முகத்தில் கோபம் உண்டு, வலி கிடையாது. ஜாக்கி சானோ ஓங்கிக் குத்திவிட்டுக் கையை உதறிக்கொள்கிற ஆள். எதிராளியின் தாடை கல் மாதிரி இருந்தால் குத்தினவனுக்கும் வலிக்கத்தானே செய்யும்? அந்த உண்மையைத் திரையில் ஒப்புக்கொண்டதும் சிரிப்பு தானாக வந்துவிட்டது.

இதற்கு முன்பே 1975-இல் லாவ் கார்-லியுங் ‘தி ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்’ எடுத்து இந்தப் பாதையைத் திறந்திருந்தார். ஆனாலும் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தது ‘ட்ரங்கன் மாஸ்டர்’தான். அதன் துணிச்சல் நமக்குச் சட்டென்று பிடிபடாது. கதாநாயகன் வாங் ஃபெய்-ஹுங் உண்மையில் வாழ்ந்தவர். தென்சீனாவில் வைத்தியராகவும் தற்காப்புக்கலை ஆசானாகவும் பெயர் பெற்றவர். 1949 முதல் க்வான் டாக்-ஹிங் என்ற நடிகர் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் அவரை நெறி தவறாத ஆசானாக நடித்துக் காட்டி மக்கள் மனத்தில் பதித்திருந்தார். அப்பேர்ப்பட்டவரை இயக்குநர் யூன் வூ-பிங், பயிற்சிக்கு டிமிக்கி கொடுக்கிற, காசில்லாமல் ஓட்டலில் சாப்பிடுகிற குறும்புக்காரப் பையனாகக் காட்டினார். அவனைத் திருத்த வரும் குடிகாரக் கிழவராக நடித்தவர் இயக்குநரின் தந்தையான யூன் சியு-டியென்.

இந்தக் கலைஞர்கள் பலருடைய வேர் சீன இசைநாடகத்தில் இருக்கிறது. ஜாக்கி சான், சாமோ ஹங், யூன் பியாவ் மூவரும் ஹாங்காங்கில் யூ ஜிம்-யூன் என்ற ஆசிரியரின் பீக்கிங் ஓபரா பள்ளியில் சிறுவயதிலேயே சேர்க்கப்பட்டவர்கள். பெற்றோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு விட்டுவிட்டுப் போவார்கள். கரணம், பாட்டு, ஆயுதப் பயிற்சி, மணிக்கணக்கில் கைகளால் நிற்பது என்று நாள் கழியும். தப்பினால் பிரம்படி. அதைக் குருகுலத்தின் பெருமை என்று மெழுகிவிட எனக்கு மனம் வரவில்லை. அது குழந்தைகள் மீது நடந்த கொடுமை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வந்தபோது ஓபராவுக்குக் கூட்டம் குறைந்துவிட்டது. பிழைப்புக்கு சினிமாவில் ஸ்டன்ட் ஆட்களாகச் சேர்ந்தார்கள். 1973-இன் ‘என்டர் தி டிராகன்’ தொடக்கத்தில் ப்ரூஸ் லீயோடு மோதித் தோற்கிற பருத்த ஆள் சாமோ ஹங். அதே படத்தில் லீயின் கையில் கழுத்து முறிந்து சாகிற காவலாளிகளில் ஒருவர் ஜாக்கி சான்.

ஓபரா அவர்களுக்குத் தந்த பெரிய சொத்து தாளம். மேடையில் நடிகர் சுழன்று வந்து, தாளக்கருவி முழங்குகிற நொடியில் சிலைபோல நிற்பார். கூட்டம் அந்த நிலையைக் கண்ணாரப் பார்த்த பிறகுதான் அடுத்த அசைவு. ஹாங்காங் சண்டைக் காட்சியும் இப்படித்தான் ஓடுகிறது. நாலைந்து வீச்சு சரசரவென்று வரும், பிறகு அரை நொடி அசைவே இராது, மறுபடியும் சரமாரி. அந்த அரை நொடியில் யார் கை எங்கே, யார் கால் எங்கே என்று நம் கண் கணக்கெடுத்துக்கொள்கிறது. நகைச்சுவை நடிகருக்கும் அதே அரை நொடிதான் வேண்டும். அடி விழுந்ததும் விழிப்பதற்கு, ‘ஐயோ’ என்று முகம் சுருங்குவதற்கு.

மற்றதெல்லாம் தொழில் நுணுக்கம். கேமராவைத் தள்ளி வைத்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை காட்டுவார்கள். முக்கியமான அடியை வேறு கோணத்துக்கு வெட்டும்போது, ஏற்கெனவே பார்த்த அசைவின் கடைசித் துளியை மறுபடி சேர்த்து ஒட்டுவார்கள். அடிக்குக் கனம் கூடிவிடும். உடையில் பொடியைத் தூவி வைத்தால் குத்து விழுந்த இடத்தில் புகை மாதிரி பறக்கும். நொடிக்கு 24 சட்டகத்துக்குப் பதில் 22 சட்டகம் எடுத்தால் திரையில் வேகம் ஒரு பிடி ஏறும். ‘விஷ்’, ‘டப்’ சத்தமெல்லாம் பிற்பாடு சேர்த்தவை.

பொருள்களோடு அவர்கள் விளையாடும் விதத்தில்தான் எனக்குத் தீராத பிரியம். ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்’ (1996) படத்து ஏணிச் சண்டையைப் பாருங்கள். மடிப்பு ஏணி முதலில் ஒரு தடை, அப்புறம் கேடயம், அப்புறம் ஆயுதம். படிகளுக்கு நடுவே ஜாக்கி சான் தலையை நுழைக்கிறார், உடம்பை நுழைக்கிறார், ஏணியோடு சேர்ந்தே சுழல்கிறார். ஏணியால் என்னென்ன முடியும் என்பதை அந்தச் சில நிமிடங்களில் ஒன்று விடாமல் செய்து காட்டிவிடுகிறார்.

இதற்கு அவர் பாடம் கற்றது ஹாலிவுட்டின் மௌனப்பட மேதைகளிடம். ‘சேஃப்டி லாஸ்ட்’ (1923) படத்தில் ஹரால்ட் லாயிட் கட்டடத்து உச்சியில் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்குவார். 1983-இல் ‘ப்ராஜெக்ட் ஏ’ படத்தில் ஜாக்கி சானும் அப்படியே தொங்கினார், ஆனால் கையை விட்டார். துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் வந்து விழுந்தார். படத்தில் அந்த வீழ்ச்சியை அடுத்தடுத்து இரண்டு முறை காட்டுகிறார்கள். 1986-இல் ‘ஆர்மர் ஆஃப் காட்’ படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்து மண்டையோடு உடைந்து உயிருக்கே ஆபத்து வந்தது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அவர் காட்டுகிற சொதப்பல் துணுக்குகளில் சிரிப்பும் இருக்கும், ரத்தமும் இருக்கும். உயிரைப் பணயம் வைத்ததால்தான் அந்தப் படங்கள் நன்றாக இருக்கின்றன என்று நான் சொல்லமாட்டேன். ஏணிச் சண்டையின் அழகு ஆபத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

அந்தக் கணக்கு கதைக்குள்ளும் ஓடுவதற்கு ‘ட்ரங்கன் மாஸ்டர்’ உச்சக்காட்சி நல்ல சாட்சி. கிழவர் கற்பிக்கும் போதைக் குங்ஃபூவில் எட்டு வகை, எட்டுச் சித்தர்களின் பெயரில். எட்டாமவர் பெண் சித்தர். ‘பொம்பளை ஆட்டம் எனக்கெதுக்கு’ என்கிற மெத்தனத்தில் பையன் அதைக் கற்காமல் விட்டுவிடுகிறான். கடைசியில் ஹ்வாங் ஜாங்-லீ ஏற்ற கூலிக்கொலைகாரனின் உதையில் ஏழு வகையும் எடுபடாமல் போகிறது. வேறு வழியின்றி எட்டாவதை அங்கேயே தானாக இட்டுக்கட்டுகிறான். இடுப்பை ஒடித்து, கண்ணாடி பார்ப்பதுபோல ஒப்பனை செய்து, குலுக்கி நடந்து. பெண்மையைக் கேலி செய்கிற அந்தப் பழைய வாடை இன்று உறுத்துகிறது. ஆயினும் பையனின் சோம்பலைக் காட்ட வைத்த நகைச்சுவையே அவன் உயிரைக் காக்கும் ஆயுதமாகிவிடுகிற கட்டுமானம் அபாரமானது.

2004-இல் ஸ்டீபன் சோவ் ‘குங்ஃபூ ஹஸில்’ எடுத்தபோது கணினி வரைகலை வந்துவிட்டது. கம்பியும் கணினியும் சேர்ந்து ஆட்களை வானத்தில் பறக்கவிட்டன. சண்டை அமைக்க அழைக்கப்பட்டவர்களோ சாமோ ஹங்கும் யூன் வூ-பிங்கும். தலையில் சுருள்கட்டையும் வாயில் சிகரெட்டுமாக வரும் வீட்டுக்காரம்மா யூன் ச்யூ. அவரிடம் அடிபடும் புருஷன் யூன் வா, ஒரு காலத்தில் ப்ரூஸ் லீக்காகப் பல்டி அடித்த ஸ்டன்ட் கலைஞர். இருவரும் யூ ஜிம்-யூன் பள்ளியின் மாணவர்கள். வீட்டுக்காரம்மா விட்ட அடியில் புருஷன் மாடி ஜன்னல் வழியாகக் கீழே வந்து விழுகிறார். அரை நொடி அசைவில்லை. அப்புறம் பூந்தொட்டி ஒன்று நேராக அவர் மண்டையில் வந்து உடைகிறது.