குன்றிமணிப் பொன் இல்லாத பொன் தட்டு

ஸ்பெயினின் வலென்சியா நகரை ஒட்டியிருக்கும் மனிசெஸ் என்ற ஊரில் 15ஆம் நூற்றாண்டில் சுட்ட தட்டுகள், இன்றும் லண்டன் அருங்காட்சியகங்களில் பொன்னாக மின்னுகின்றன. அவற்றில் குன்றிமணிப் பொன்கூடக் கிடையாது.

சூளையடியிலேயே காலம் கழித்தவன் நான். ஒரு தட்டைப் பார்த்தால், அதைச் சுட்டவர் என்ன பாடு பட்டிருப்பார் என்றுதான் மனம் போகும். மண் தட்டை முதலில் வெறுமனே சுடுவார்கள். பிறகு காரீயமும் வெள்ளீயமும் கலந்த கிளேஸை (கண்ணாடிப் பூச்சை) இட்டு, கோபால்ட்டால் நீலக் கோலம் தீட்டி, மறுபடி சுடுவார்கள். மண்ணின் நிறத்தை மறைத்துப் பால்வெள்ளை தருவது வெள்ளீயம். இதுவரை கணக்குப்படி நடக்கும் வேலை.

மூன்றாம் சூடுதான் குயவரின் உயிரை வாங்குவது. வெள்ளி, செம்பு இவற்றின் சேர்மங்களைக் காவி மண்ணும் காடியும் விட்டுக் குழைத்து, கிளேஸின் மேல் சித்திரம் எழுதுவார்கள். சுமார் 600 டிகிரி சூட்டில் காற்றைக் குறைத்துச் சூளைக்குள் புகையை நிரப்புவார்கள். புகை ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, உலோகம் மட்டும் மிக மெல்லிய படலமாகக் கிளேஸில் தங்கிவிடும். சூளையைப் பிரிக்கும்போது தட்டு அழுக்கேறிக் கிடக்கும். தேய்த்துத் துடைத்த பிறகே பொன் தெரியும். சூடு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அத்தனை உழைப்பும் வீண். வெப்பமானி இல்லாத காலத்தில், சுடரின் நிறத்தைப் பார்த்தே இதைச் சாதித்தார்கள்.

வித்தை ஸ்பெயினில் பிறந்ததல்ல. 9ஆம் நூற்றாண்டு ஈராக்கில் மட்பாண்டத்தில் பழகிய இது, எகிப்தைக் கடந்து முஸ்லிம் குயவர்களின் கையோடு ஸ்பெயினின் மலகா துறைமுகத்துக்கு வந்தது. அங்கிருந்து பொன்னிறப் பாண்டங்கள் தூர தேசங்களுக்குப் போவதைப் பயணி இப்னு பதூதா குறித்திருக்கிறார். அல்ஹம்ப்ரா அரண்மனைக்குச் செய்த ஜாடிகள் சில ஆளின் மார்பளவு உயரம். அவ்வளவு பெரிய மண்ணுடலைக் கோணாமல் சுட்டெடுப்பதை இன்றைய சூளைக்காரரும் யோசித்துத்தான் ஒப்புக்கொள்வார்.

பின்னர் மனிசெஸ் முந்திக்கொண்டது. பிரபுக்கள் கிறிஸ்தவர்கள், தொழிலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம்கள். இத்தாலியச் செல்வர்கள் தங்கள் குலச் சின்னம் பொறித்த தட்டுகளை அங்கே சொல்லிவைத்துச் செய்வித்தார்கள். மெடிசி குடும்பச் சின்னம் தாங்கிய ஜாடி ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஓவியர் ஹ்யூகோ வான் டெர் ஹூஸ் 1475 வாக்கில் தீட்டிய போர்ட்டினாரி ஓவியத்தில், குழந்தை இயேசுவுக்கு முன்னால் மலர்கள் செருகியிருப்பது ஸ்பானிய மருந்து ஜாடியில்தான்.

வாங்கிய இத்தாலியர் சும்மா இருப்பார்களா? தெருத்தா, குப்பியோ ஊர்களில் அதே மின்னலைக் கைவசப்படுத்தினார்கள். வெள்ளீய வெண்மை ஆண்ட்வெர்ப் போய், ஹாலந்தின் டெல்ஃப்ட் நீலத்துக்கும் அடித்தளமானது. இன்னொரு கிளை ஸ்பெயினின் தலவேராவிலிருந்து கடல் கடந்து மெக்சிகோவின் பியூப்லாவில் வேர்விட்டது. அங்கே 1653இலேயே குயவர் சங்கத்துக்கு விதிமுறைகள் வந்துவிட்டன.

இதற்கிடையில் 1609இல் ஸ்பெயின், கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களான மொரிஸ்கோக்களை நாடு கடத்தத் தொடங்கியது. முன்னோர் முஸ்லிம்களாக இருந்ததே அவர்கள் குற்றம். உலகுக்கு வித்தை கொடுத்த கைகளை விரட்டிய பின் மனிசெஸ் தட்டுகளில் பழைய நயம் இல்லை என்பது என் தீர்ப்பு.

அருங்காட்சியகத்தில் இந்தத் தட்டு எதையாவது பார்க்க வாய்த்தால், பின்பக்கத்தையும் எட்டிப் பாருங்கள். சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும் அந்த முதுகில்கூடச் சிறகு விரித்த கழுகை எழுதிவைத்தவர்கள் உண்டு.