கோல்ஃப் பந்து ஒரு பக்கம் கனமாக இருந்தால் குறி தவறுமா?

குவீன்ஸ்டவுனில் என் மாமா வீட்டுச் சமையலறை. மேசைமேல் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரம். உள்ளே உப்புக் கரைத்த தண்ணீர், அதில் மிதக்கும் நான்கு கோல்ஃப் பந்துகள். மாமா ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிவிட்டு, கையில் பேனாவோடு காத்திருந்தார்.

"இங்க பாரு, எத்தனை தடவை சுத்திவிட்டாலும் இதே புள்ளிதான் மேல வருது. அப்போ அடிப்பக்கம் கனம். போன வாரம் பட் எல்லாம் ஏன் இடதுபக்கமே போச்சுன்னு இப்பப் புரியுது!"

உப்புப் பொட்டலம் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்த மாமி உடனே சொன்னார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

இருவரில் யார் சொல்வது சரி?

இந்தச் சந்தேகம் மாமாவுக்கு மட்டும் வந்ததல்ல. 2024 அமெரிக்கப் பொது விருதை வென்ற பிரைசன் டிஷாம்போ, தம் பந்துகளை எப்சம் உப்பு கரைத்த நீரில் மிதக்கவிட்டுச் சோதிப்பதாகப் போட்டியின்போது செய்தியாளர்களிடம் விளக்கினார். செந்தோசாவில் லிவ் கோல்ஃப் போட்டிகளில் விளையாடியிருப்பதால் அவர் நமக்கும் தெரிந்த முகம்தான். அந்த விருதை அவர் வென்றது ஒரே ஓர் அடி வித்தியாசத்தில்.

ஓர் அடி என்பது சின்ன விஷயம் அல்ல. தோக்கியோ ஒலிம்பிக்கில் உலகத் தரவரிசையில் 200ஆவது இடத்தில் இருந்த இந்திய வீராங்கனை அதிதி அசோக் கடைசி நாள் வரை பதக்க வாய்ப்போடு ஆடினார். கடைசிக் குழியில் அவருடைய பட் உள்ளே விழவில்லை. வெண்கலம் வென்ற லிடியா கோவைவிட ஓர் அடி பின்தங்கி நான்காம் இடம். அவர் பந்தில் குறை இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஓர் அடிக்கு அவ்வளவு மதிப்பு இருக்கும்போது, பந்தைப் பற்றியும் யோசிக்கத்தான் செய்வார்கள்.

உப்பு எதற்கு?

விதிப்படி கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக்கூடாது. விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இந்த அளவில் செய்த பந்து தண்ணீரைவிடச் சுமார் 13 விழுக்காடு அடர்த்தியாக இருக்கும். குழாய்த் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். செந்தோசாவில் கடலுக்குள் அடித்த பந்தும் மிதந்து வராது, கடல்நீரின் உப்பு அதற்குப் போதாது. ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ உப்பு கரைத்தால்தான் பந்து மேலே வரும். (மாமியின் கோபத்துக்குக் காரணம் புரிகிறதா?)

மிதக்கும் பந்து தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி. கனமான பக்கம் தானாகக் கீழே போகும், லேசான பக்கம் மேலே வரும். பந்தின் எடை மையம் நட்டநடுவில் இருந்தால் எப்படிச் சுண்டினாலும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கம் மேலே நிற்கும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தண்ணீரில் உராய்வு மிகவும் குறைவு. தலைமுடியின் தடிமனில் பாதி அளவுகூட இல்லாத விலகலையும் அது காட்டிக் கொடுத்துவிடும். ஒரே புள்ளி திரும்பத் திரும்ப மேலே வந்தால் பந்தில் குறை இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு குறை என்று தெரியாது. திரும்பும் வேகத்தைக் கவனிப்பது நல்லது. சோம்பலாக, பல விநாடி எடுத்துத் திரும்பினால் விலகல் மிகச் சிறியது. சட்டென்று திரும்பினால் கொஞ்சம் சந்தேகப்படலாம். மாமாவின் நான்கில் மூன்று சோம்பேறிகள். ஒன்று மட்டும், எங்கோ புதரில் கண்டெடுத்த பழைய பந்து, விறுவிறுவென்று திரும்பியது.

பட்டிங்கில் எவ்வளவு விலகும்?

லான் பௌல்ஸ் விளையாட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அந்தப் பந்து நேராக ஓடிக்கொண்டே இருந்து, வேகம் குறையும்போது ஒரு பக்கமாக வளையும். அதன் சமமில்லாத வடிவம்தான் காரணம். ஒரு பக்கம் கனமான கோல்ஃப் பந்தும் அப்படித்தான். கனம் இடப்பக்கம் இருந்தால் இடப்பக்கம் வளையும், அதுவும் பெரும்பாலும் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில்.

பாடப்புத்தக இயற்பியலை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எடை மையம் 0.025 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது, கனமான பக்கம் சரியாகப் பக்கவாட்டில் இருக்கிறது, பந்து குழிவரை மட்டும் ஓடும் வேகத்தில் அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஓரளவு வேகமான கிரீனில் 3 மீட்டர் பட் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் விலகும். குழியின் அகலம் 10.8 சென்டிமீட்டர். நடுவைப் பார்த்து அடித்த பந்து அப்போதும் உள்ளே விழும். விலகல் அதைப்போல் நான்கு மடங்கு என்றால் கதை வேறு. பந்து சுமார் 9 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும்.

இப்போது மட்டையைப் பார்ப்போம். அடிக்கும்போது மட்டையின் முகம் ஒரே ஒரு பாகை திரும்பியிருந்தாலே 3 மீட்டர் தூரத்தில் பந்து 5 சென்டிமீட்டருக்குமேல் விலகிவிடும். அது கிட்டத்தட்டக் குழியின் பாதி அகலம். ஒரு பாகை என்பது கடிகாரத்தில் விநாடி முள் நகரும் ஓர் இடைவெளியில் ஆறில் ஒரு பங்கு. என் கையும் மாமாவின் கையும் அதைவிட அதிகமாகவே நடுங்கும். இதோடு கிரீனில் பதிந்த காலடித் தடங்கள், மழை ஈரம், நம் ஊர்ப் புல் சாய்ந்து வளரும் திசை எல்லாம் சேர்கின்றன.

டிஷாம்போவிடம் அந்த ஓர் அடியில் தோற்ற ரோரி மெக்கில்ராய், கடைசி மூன்று குழிகளில் இரண்டு பட்களை ஒன்றேகால் மீட்டருக்கும் குறைவான தூரத்தில் தவறவிட்டார். அவ்வளவு அருகிலிருந்து என்றால், நான் சொன்ன 0.025 மில்லிமீட்டர் விலகலால் பந்து ஒரு சென்டிமீட்டர்கூட நகராது.

காற்றில் பறக்கும்போது?

பறக்கும் பந்தைத் தாங்குவது அதன் சுழற்சியும் மேற்பரப்பில் உள்ள சின்னச் சின்னக் குழிகளும். உள்ளே எடை கொஞ்சம் விலகியிருந்தால் அடிபடும்போது பக்கவாட்டுச் சுழற்சி சிறிது சேரும், அவ்வளவுதான். மட்டை கொஞ்சம் கோணலாகப் பட்டால் சேரும் சுழற்சி அதைவிட மிக அதிகம்.

வெளிப்பரப்புதான் முக்கியம் என்பதற்கு 1970களில் வந்த போலாரா பந்து நல்ல உதாரணம். அதில் எல்லா இடத்திலும் குழிகள் ஒரே மாதிரி இல்லை. அதனால் வளைந்து போகும் அடியைப் பந்தே ஓரளவு திருத்திக்கொள்ளும். அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதை ஏற்கவில்லை, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. எல்லாப் பக்கமும் சமமான பந்தைப்போலவே பறக்கவேண்டும் என்ற விதி வந்தது அதன் விளைவாகத்தான். மழைக்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் சேறு ஒட்டிய பந்தை அடித்தவர்களும் இதை நேரில் பார்த்திருப்பார்கள்.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? பழைய பந்துகளிலிருந்து. அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1843இல் சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி, இந்த வட்டாரத்து மரங்களின் பாலிலிருந்து கிடைக்கும் 'கட்டா பெர்ச்சா' என்ற பிசினை லண்டனுக்கு அனுப்பினார். ஐந்து ஆண்டில் அதை உருட்டிக் கோல்ஃப் பந்து செய்யத் தொடங்கிவிட்டார்கள். பிறகு வந்தவை ரப்பர் நூலைச் சுற்றிச் செய்த பந்துகள். நூல் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளர்ந்தால் எடை மையம் நகர்ந்துவிடும். 2000ஆம் ஆண்டுவாக்கில்தான் முன்னணி ஆட்டக்காரர்கள் நூல் சுற்றிய பந்துகளைக் கைவிட்டு, திடமான மையம் கொண்ட பந்துகளுக்கு மாறினார்கள். இன்று நல்ல நிறுவனத்தின் புதுப் பந்தில் பெரிய விலகல் அரிது.

சோதிப்பது விதிமீறலா?

இல்லை. மேலே வந்த புள்ளியில் குறி போடலாம். கிரீனில் இடத்தை அடையாளமிட்டு, பந்தை எடுத்துத் துடைத்து, அந்தக் குறி ஓட்டத்தின் கோட்டிலேயே வரும்படி வைக்கலாம். டிஷாம்போ செய்வது அதுதான். கனமான பக்கம் இடமும் போகாமல் வலமும் போகாமல் முன்பின்னாகவே சுழல்வதால் பந்து வளையாது. காசு செலவில்லை. பந்தைச் சுரண்டுவதோ சூடாக்குவதோ மட்டும் கூடாது.

மாமாவிடம் கணக்கைக் காட்டினேன். "அப்போ என் கைதான் கோணல்ங்கறியா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மாமி சொன்னார்.

மூன்று பந்துகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். புதரில் எடுத்த அந்த நான்காவதை, குளத்தைத் தாண்டி அடிக்கவேண்டிய குழிகளுக்கு என்று தனியாக வைத்திருக்கிறார்.