ஒலியால் சுழலும் பொறி

ஒலி என்றவுடன் நாம் செவியையே நினைக்கிறோம். செவிக்கு எட்டாத ஒலியும் உண்டு; அது ஒரு பொறியைச் சுழற்றவும் வல்லது. நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டதை மனிதச் செவி உணர்வதில்லை. அதனையே மீயொலி என்கிறோம். ‘மீ’ என்பதற்கு மேல் என்பது பொருள். அறிவியலுக்கு நம் மொழி தந்துள்ள பொருத்தமான சொற்களுள் இஃது ஒன்று.

இதன் வேர் 1880ஆம் ஆண்டில் உள்ளது. பிரான்சு நாட்டுச் சகோதரர்களான ஜாக் கியூரி, பியர் கியூரி இருவரும், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். மின்னழுத்தம் தந்தால் படிகம் நீண்டு சுருங்கும் என்னும் மறுதலை விளைவை 1881இல் லிப்மன் கணித்துரைத்தார். அச்சகோதரர்களே அதனைச் சோதனையால் மெய்ப்பித்தனர். மாறுமின்னழுத்தம் தந்தால், படிகம் அதிர்கிறது.

அதிர்வு முன்னும் பின்னும் ஆடுவதாயிற்றே, அஃது எங்ஙனம் ஒரே திசையில் சுழற்றும் என்று மாணவர் வினவலாம். வினவத்தான் வேண்டும், பொறியின் நுட்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஓர் உலோக வளையத்தின் அடியில், இவ்வியல்புடைய பீங்கான் வளையம் ஒன்றை ஒட்டுகின்றனர். அதன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரத்தில் அன்றி, கால் சுழற்சி முன்பின்னாக மின்னழுத்தம் தருகின்றனர். இரண்டு அதிர்வுகளும் கூடி, வளையத்தைச் சுற்றி ஓடும் ஓர் அலையாகின்றன. அப்போது மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் சிறு நீள்வட்டத்தில் இயங்குகிறது. மேலே சுருள்வில்லால் அழுத்தி வைக்கப்பட்ட தட்டினை அலைமுகடுகள் மட்டுமே தொடுகின்றன. தொட்டு, அலை செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் தள்ளுகின்றன. மரவட்டையின் கால்களில் அலையலையாக ஓடும் அசைவைக் கண்டவர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஒவ்வொரு தள்ளலும் மிக நுண்ணியதே. நொடிக்குப் பல்லாயிரம் முறை நிகழ்வதால் தட்டு சுழல்கிறது.

இத்தகைய மோட்டாரை ஜப்பானியப் பொறியாளர் சஷிதா 1980களில் உருவாக்கினார். 1987இல் கேனன் நிறுவனம் தன் 300 மில்லிமீட்டர் கேமரா லென்சில் இதனைப் பொருத்தியது. பற்சக்கரத் தொடரின்றி, ஏறக்குறைய ஓசையின்றி, லென்ஸ் குவியத்தைக் கண்டது.

நம்மை மிகவும் ஈர்ப்பது மருத்துவப் பயன். எம்.ஆர்.ஐ. அறையின் வலிய காந்தப்புலத்தருகே, காந்தத்தால் இயங்கும் சாதாரண மோட்டாரைக் கொண்டுசெல்ல இயலாது. மீயொலி மோட்டாருக்கோ காந்தம் வேண்டுவதில்லை. காந்தப்பண்பற்ற பொருள்களாலேயே அதனைச் செய்யலாம். எனவே அவ்வறையில் ஊசி செலுத்தும் கருவிகளை இதனைக்கொண்டு ஆய்வாளர்கள் வடிவமைத்துள்ளனர். இடையில் மின்சாரம் நின்றாலும் உராய்வு தட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஊசி நின்ற இடத்திலேயே நிற்கும். நோயாளிக்கு இது சிறு செய்தி அன்று.

ஆயினும், இயக்குகின்ற அவ்வுராய்வே தொடுபரப்பைத் தேய்க்கவும் செய்கிறது. ஆகவே விட்டுவிட்டு இயங்கும் லென்சுக்கு உகந்த இம்மோட்டார், இரவு பகலாகச் சுழலும் மின்விசிறிக்கு உகந்ததன்று.