மீன்தொட்டியின் கற்களை மாற்றும்போது

பெருநாள் நெருங்கினால் வீட்டுக்கு வெள்ளையடிப்போம், திரைச்சீலைகளை மாற்றுவோம். சென்ற ஆண்டு அந்த வேலைகளோடு எங்கள் மீன்தொட்டியையும் நான் 'புதிதாக்கினேன்'. பழைய கற்களை வீசிவிட்டு, நீல நிறக் கற்களைப் பரப்பினேன். வடிகட்டியின் பஞ்சையும் குழாயடியில் கழுவினேன். தொட்டி பளபளத்தது. நான்காம் நாள் தங்கமீன்கள் மூன்றும் செத்து மிதந்தன. அழுக்கில் சாகாதவை சுத்தத்தில் செத்தது ஏன்?

விடை நமது விஞ்ஞான பாடத்தில் வரும் நைதரசன் வட்டத்தில் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. கற்களிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழும் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இத்தகைய பற்றீரியாக்களை 1890இல் மண்ணிலிருந்து பிரித்துக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராத்ஸ்கி. நான் வீசியது வெறும் கற்களை அல்ல; அந்தக் காவலாளிகளை.

ஆகவே கற்களைப் பகுதி பகுதியாக மாற்றுங்கள். முதலில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு வாரம் கழித்து அடுத்த பங்கு, அதன்பின் மீதி. எடுத்த பழைய கற்களில் சிலவற்றை வலைப்பையில் கட்டி, சில வாரங்கள் தொட்டிக்குள்ளேயே விடுங்கள். பாலுக்கு உறைமோர் போல, அவை புதிய கற்களுக்குப் பற்றீரியாவைக் கொடுக்கும். அந்த நாட்களில் வடிகட்டியைக் கழுவ வேண்டாம், உணவையும் குறையுங்கள்.

புதிய கற்களைச் சவர்க்காரமின்றி, கலங்கல் போகும்வரை கழுவுங்கள். தொட்டி நீரையும் முழுவதுமாக இறைக்காதீர்கள். ஊற்றப்போகும் குழாய்நீரை ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள். குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். பண்டாரவளை, வெலிமடை போன்ற குளிரிடங்களில் விடியற்காலை நீரை அப்படியே ஊற்றினால் மீன் அதிர்ச்சியுறும். இரு நீரும் ஒரே சூட்டுக்கு வரட்டும்.

கல்லைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். தேயிலை மண்ணின் அமிலத்தைக் குறைக்கத் தோட்டங்களில் தூவும் டொலமைட்டை அறிவீர்கள். அதன் வெள்ளைக் கற்கள் பார்வைக்கு அழகு. ஆனால் நீரின் கடினத்தைக் கூட்டும். சிப்பியும் சுண்ணக்கல்லும் அப்படியே. கல்லைச் சுரண்டி, அந்தத் தூளில் இரண்டு துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் தொட்டிக்கு வேண்டாம். மருந்தடிக்கும் தேயிலை மலையின் கானில் கிடக்கும் கற்களையும் எடுக்காதீர்கள். கூரிய விளிம்புள்ள, சாயம் உரியும் அலங்காரப் பொருட்களையும் தவிருங்கள். வால் கிழியும், நீர் கெடும்.

இப்போது எங்கள் தொட்டியில் மீண்டும் மூன்று மீன்கள். இம்முறை பெருநாளுக்கு ஆறு வாரம் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டேன். பாதி நீலமும் பாதி பழுப்புமாகத் தொட்டி சற்று அலங்கோலம்தான். மீன்களோ சுகமாக நீந்துகின்றன.